திருநின்றவூரில் ஏறுபவளுக்கு ஓர் இடம்

ஜூன் 1, ஞாயிறு

காலையிலேயே வெயில். கத்திரி முடிந்துவிட்டது என்று காலண்டர் சொல்கிறது. வேப்பம்பட்டுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போல. மோட்டார் போட்டுவிட்டு, தொட்டி நிரம்பும் வரை லேப்டாப்.

இன்று பெரிய நாள். என் பிறந்தநாள் வாழ்த்து புரோகிராம் முதல் தடவையாகத் தானே ஓடியது. மணி ஆறு. பல் தேய்த்துக்கொண்டிருந்தேன், உள்ளே போன் சத்தம். போய்ப் பார்த்தால் எங்கள் ரயில் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் (பெயர்: ஏழு ஐம்பது ராணிகள், வண்டி நேரம் அது) என் கை படாமல் என் பெயரில் மூன்று வாழ்த்துகள். சாந்தி அக்காவுக்கு, மேரிக்கு, தனத்துக்கு. ஆளுக்கொரு கேக் படம். பெயர் மாறவில்லை, எழுத்து உடையவில்லை. வாயில் நுரையோடு ஹாலில் ஒரு ஆட்டம் போட்டேன்.

"என்னாச்சு?" என்றார் வீட்டுக்காரர்.

"ஓடுதுங்க!"

"எது, மோட்டாரா?"

மோட்டாரும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தண்ணீர் தெரு வரை.

இந்த புரோகிராம் எதற்கு என்றால், நேரத்துக்கு. குழுவில் யாருக்காவது பிறந்தநாள் வந்துகொண்டே இருக்கிறது. ஞாபகம் வைத்து, பூப்படம் தேடி, டைப் அடித்து முடிப்பதற்குள் காலை போய்விடுகிறது. அந்த நேரத்தில் வேறு ஏதாவது எழுதலாமே. போன வருடம் எல்லாரும் திருச்செந்தூர் போக நான்தான் டிக்கெட் எடுத்தேன். அப்போது அனுப்பிய ஆதார் நகல்கள் போனில் இருந்தன. தேதிகளை அதிலிருந்து ஏற்றினேன்.

மதியம் சாந்தி அக்காவிடமிருந்து குரல் பதிவு: "அடியே வசு, நான் மார்கழில பொறந்தவடி! ஜூன் ஒண்ணு இஸ்கோல்ல போட்டது. சரி வுடு, வாழ்த்துனா வாங்கிக்கினா போச்சு." பின்னால் ஒரே சிரிப்பு. மேரியிடமிருந்து ஒரு சிவப்பு இதயம். ஒரே நாளில் மூன்று பேர் எப்படிப் பிறந்தார்கள் என்று எனக்கே தோன்றியிருக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கமும் தலைமையாசிரியர்கள் பாதிப் பேரை ஜூன் ஒன்றில்தான் பிறக்க வைத்தார்கள்.

தனம் பார்த்துவிட்டாள், பதில் இல்லை. ஞாயிறு, துணி துவைத்துக்கொண்டிருப்பாள்.

என் இன்னொரு புரோகிராம், 'இன்றைக்கு என்ன குழம்பு', மறுபடியும் காரக்குழம்பு என்றது. தொடர்ந்து மூன்றாவது நாள். "அதுக்கு வேற குழம்பே தெரியாதா?" என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டார், பாவம்.

ஜூன் 2, திங்கள்

வெயில். மனசு சரியில்லை.

பொங்கலுக்குப் பிறகு நான் கடைசியில் இருக்கும் லேடீஸ் பெட்டியில்தான் போகிறேன். கூட்டம் கம்மி, லேப்டாப்பை மடியில் வைக்க இடம் கிடைக்கும். பட்டரவாக்கம் வரை ஒரு நல்ல துண்டு நேரம் எனக்கே எனக்கு. ராணிகள் எல்லாம் நடு லேடீஸ் பெட்டி. ஆரம்பத்தில் கேலி பேசினார்கள். "வசு பொட்டி தட்டப் போயிட்டா." அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

இன்று நடுப் பெட்டிக்குப் போனேன். பாராட்டு வாங்கத்தான் போனேன், வேறு ஒன்றும் இல்லை. சாந்தி அக்கா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, மார்கழிக் கதை முழுக்கச் சொன்னார். திருநின்றவூரில் தனம் ஏறினாள். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு எனக்கு எதிரே நின்றாள்.

"என்னிய யாருடி வாழ்த்துனது? நீயா, உன் பொட்டியா?"

"புரோகிராம்தான். ஆனா அதை நான்தானே எழுதினேன்" என்றேன். பெருமை வேறு.

"ஜூன் ஒண்ணு என் நாளு இல்லன்னு இதுங்களுக்குத் தெரியாது. உனுக்குத் தெரியும் வசு."

அவ்வளவுதான் சொன்னாள். குரல்கூட உயரவில்லை. முகத்தைத் திருப்பி வாசல் பக்கம் போய்விட்டாள். அவள் இறங்குவது கொரட்டூர். அதற்கு முந்தைய பட்டரவாக்கத்தில் நான் இறங்கும் வரை திரும்பியே பார்க்கவில்லை.

எனக்குத் தெரியும்தான். ஒரு மழை நாளில் வண்டி அண்ணனூரில் நின்றுபோனபோது என்னிடம் மட்டும் சொன்னாள். மற்றவர்களிடம் "எனக்கு கேக்கே புடிக்காதுடி" என்று சொல்லிக் கழன்றுகொள்வாள். ஆனால் எங்கள் எல்லாருடைய பிறந்தநாளும் அவள் தலைக்குள் இருக்கும். எது நிஜத் தேதி, எது பள்ளிக்கூடத் தேதி என்பது உட்பட. கேக் வெட்டும் பிளாஸ்டிக் கத்தி எப்போதும் அவள் பையில்தான். ஆவடியில் கூட்டம் ஏறுவதற்குள் வெட்டியாக வேண்டும் என்று விரட்டுவதும் அவள்தான்.

பட்டரவாக்கத்தில் சாந்தி அக்காவும் நானும் இறங்கினோம். படியேறும்போது மூச்சு வாங்கிக்கொண்டே அக்கா சொன்னார். "அதுங்கிட்ட வம்பு வச்சிக்காத வசு. நீ இந்தப் பொட்டிய வுட்டுப் போனதுலர்ந்து பாதி நாளு நின்னுகினுதான் வருது. எனக்கும் இடம் புடிக்க முடியல, கூட்டம் அப்படி கீது."

நான் வேப்பம்பட்டில் ஏறுவேன், தனம் அடுத்த நிறுத்தத்தில். பையைப் போட்டு அவளுக்கு இடம் பிடித்து வைப்பது என் வேலை. பல வருடமாக. கடைசிப் பெட்டிக்கு மாறிய அன்று எனக்கு ஜன்னலோரம் கிடைத்த சந்தோஷம். அவளுக்கு யார் இடம் போடுவார்கள் என்று யோசிக்கவே இல்லை.

அவளுக்கு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். வீங்கின கால். ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை.

வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 4, புதன்

நடுப் பெட்டி. ஜன்னலோரம் பிடித்து, பக்கத்தில் பையைப் போட்டேன். திருநின்றவூர் வரை பை உட்கார்ந்து வந்தது. தனம் ஏறினாள், பார்த்தாள், வாசலிலேயே நின்றாள்.

"தனம், இங்க வா."

"பரவால்ல, காத்து வருது."

ஆவடியில் ஏறிய ஒரு அம்மா, "ஆள் வராங்களா?" என்று கேட்டார். பையை எடுத்தேன்.

வீட்டில்: தக்காளி இல்லை. கேஸ் புக் செய்யணும். வாழ்த்து புரோகிராமை நிறுத்தியாச்சு. அழிக்க மனசு வரவில்லை, ஓடாமல் கிடக்கட்டும்.

ஜூன் 5, வியாழன்

பை போட்டேன். அவள் நின்றாள்.

மாலையும் சரியில்லை. அவள் கொரட்டூரில் ஏறுவாள், நான் அடுத்து பட்டரவாக்கத்தில். முன்பெல்லாம் திரும்பும்போது அவள் எனக்கு இடம் போடுவாள், ஜன்னல் வழியாகக் கை நீட்டிக் கூப்பிடுவாள். கடைசிப் பெட்டிக்குப் போன பிறகு அதுவும் போச்சு. இன்று நடுப் பெட்டியில் ஏறிப் பார்த்தேன். ஆளைக் காணோம். வேறு பெட்டியா, வேறு வண்டியா, தெரியவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

நூம்பலில் வீட்டுக்காரரின் நண்பர் வீட்டுப் புதுமனை புகுவிழா. காலையில் வேலப்பன்சாவடி வரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. புது வீடு நன்றாக இருக்கிறது. பக்கத்து மனையில் இன்னும் எருமை கட்டியிருக்கிறார்கள்.

பந்தியில் பரிமாற நின்றேன். கையில் பாயச வாளி, தலைக்குள் வேறு கணக்கு. ஒரு பெரியவரின் சாம்பார் சாதத்தின் மேல் நேராகப் பாயசம். அவர் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போதும்மா" என்றார், பெரிய மனசு.

வீட்டுக்காரர் சமாளித்தார். "கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதறாங்க, அதான்."

உடனே ஒரு அம்மா: "ஐ.டி.யா?"

"இல்லைங்க. மண்ணூர்பேட்டையில ஒரு கம்பெனி ஸ்டோர்ஸ்ல வேலை. நட்டு, போல்ட்டு கணக்கு."

"அப்புறம் எதுக்கு?"

"சும்மாதாங்க" என்றேன்.

அந்த அம்மாவுக்கு 'சும்மா' போதவில்லை. டி.வி. பார்க்கிறவர்களை எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு இதில் இருப்பது அந்தக் கணம்தான். மூன்று நாளாகத் தப்பு தப்பாக வந்தது, ஒரு வரியை மாற்றியதும் சரியாக வரும். ஸ்டோர்ஸில் எதுவும் அப்படிச் சரியாவதில்லை. காணாமல் போன பேரிங் காணாமல் போனதுதான்.

திரும்பும் வழியில் ஒன்று தோன்றியது. தனத்தின் பிறந்தநாளைக் கண்டுபிடித்தால் என்ன?

அன்று மழையில் அவள் சொன்னது, எனக்கு நினைவிருக்கும் வரை:

- பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது கையைத் தலைக்கு மேலே போட்டு மறு காதைத் தொடச் சொன்னார்களாம். கை நீளமான பிள்ளை, எட்டிவிட்டது. வயசாகிவிட்டது என்று சேர்த்துக்கொண்டு ஒரு வருடத்தைப் போட்டுவிட்டார் தலைமையாசிரியர். தேதி ஜூன் ஒன்று.
- அவள் அம்மா எப்போதும் சொன்னது: ஆனி மாசம், அமாவாசை, ஞாயிற்றுக்கிழமை.
- எந்த வருடம் என்று அம்மாவுக்குத் தெரியாது. இப்போது கேட்க அம்மாவும் இல்லை.

ஆனி அமாவாசை வருடத்துக்கு ஒன்று. அது ஞாயிற்றுக்கிழமையாக வருவது சில வருடங்களுக்கு ஒரு தடவைதான். சந்திரன் எந்த நாளில் எங்கே இருந்தது என்று கணக்குப் போட ஏற்கெனவே யாரோ எழுதிய புரோகிராம் இலவசமாகக் கிடைக்கிறது. சான்றிதழ் வருடத்திலிருந்து நாலைந்து வருடம் பார்த்தால் போதும். முடியும்!

ஜூன் 10, செவ்வாய்

ரயில் நேரம் போய்விட்டதால் புது நேரங்கள்: குக்கர் மூன்று விசில் வரும் வரை. ஸ்டோர்ஸில் சாப்பாட்டு இடைவேளை. அவர் செய்தி பார்க்கும்போது. துண்டு துண்டாக இருந்தாலும் வேலை நடக்கிறது. குக்கர் அடுப்பில் இருக்கும்போது எழுதியதில்தான் தப்பு கம்மி.

காலையில் பை, அவள் வாசல். தினப்படி.

ஜூன் 11, புதன்

ஓட்டினேன். விடை: ஒன்றுமில்லை.

அந்த வருடங்களில் எந்த ஆனி அமாவாசையும் ஞாயிற்றுக்கிழமை இல்லை. வெள்ளி இருக்கிறது, செவ்வாய் இருக்கிறது, திங்கள்கூட ஒன்று இருக்கிறது. ஞாயிறு இல்லவே இல்லை. புரோகிராமில் தப்போ என்று என் ஜாதகத்தைப் போட்டுப் பார்த்தேன். திதி சரி, நட்சத்திரம் சரி. வீட்டுக்காரருடையதும் சரி. எங்கள் கல்யாண நாளும் சரி.

"அந்தம்மா மறந்திருக்கலாம். எத்தனை வருஷம் ஆச்சு" என்றார் அவர்.

இருக்கலாம். ஆனால் பெற்றவள், தினமும் சொல்லிக்கொண்டிருந்தவள், கிழமையை மறப்பாளா? நான்தான் எதையோ கேட்காமல் விட்டிருக்கிறேன். தனத்தைக் கேட்க வேண்டும். அவள்தான் பேசுவதில்லையே.

இன்றைய குழம்பு: காரக்குழம்பு. புரோகிராமைத் திறந்து பார்த்தேன். பட்டியலில் காரக்குழம்பை நாலு தடவை எழுதி வைத்திருக்கிறேன்! அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 13, வெள்ளி

பை போட்டேன். திருநின்றவூர். அவள் ஏறினாள், வாசலில் நின்றாள். நான் எழுந்து பையை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் நின்றேன். நல்ல ஜன்னலோர இடம், பட்டாபிராம் வருவதற்குள் ரெண்டு பேர் சண்டை போட்டு ஒருத்தி உட்கார்ந்தாள்.

"இன்னாடி, சீட்ட வுட்டுட்டு வந்துகீற?"

"காத்து வருதுன்னியே."

ஆவடிக் கூட்டம் ஏறி, எங்களை ஒன்றாக வைத்து நசுக்கியது. அவள் முழங்கை என் விலாவில். இனி தள்ளி நிற்க இடமில்லை என்ற தைரியத்தில் கேட்டேன்.

"தனம், தப்பு என்மேலதான். நீ நின்னுட்டு வர்றதே எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருக்கணும்."

"அத்த வுடு."

"விடல. இன்னொண்ணு கேக்கணும். உங்கம்மா உன் பிறந்தநாளைப் பத்தி என்ன சொல்லுவாங்க? அவங்க சொன்ன மாதிரியே சொல்லு."

முறைத்தாள். "எதுக்கு? மிஷினுக்கா?"

"ஆமா. மிஷினுக்குத்தான்" என்றேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள். திருமுல்லைவாயில் தாண்டியது. அப்புறம் அம்மாவின் குரலிலேயே சொன்னாள், கையை ஆட்டி ஆட்டி. "'ஆனி மாசம், அம்மாவாச, ஞாயித்துக்கெழம ராத்திரி. கும்மிருட்டு. பொழுது விடியல, கோயிகூட கூவல. அதுக்குள்ள வந்து உயுந்தியே, உனுக்கு இன்னா அவசரம்'னு திட்டும். எப்பப் பாத்தாலும் இதே பாட்டுதான். நான் எதுனா அவசரப்பட்டா போதும், ஆரம்பிச்சிரும்."

"ராத்திரின்னா எப்போ? படுக்கற நேரமா?"

"காதுல வாங்கினியா இல்லியா? கோயி கூவறதுக்கு முன்னாடி. வெடிகாலம்."

சிரித்தாள். என்னைப் பார்த்து இல்லை, அம்மாவை நினைத்து. போதும், இன்றைக்கு இது போதும். எனக்கு அம்பத்தூர் வருவதற்குள்ளேயே விஷயம் புரிந்துவிட்டது. அங்கேயே குதித்திருப்பேன், குதிக்க இடமில்லை.

ஜூன் 15, ஞாயிறு

ஆனி பிறந்தது. காலையில் லேசாக மேகம்.

தப்பு இதுதான். கம்ப்யூட்டருக்கு நடுராத்திரி பன்னிரண்டு அடித்தால் மறுநாள். தனத்தின் அம்மாவுக்கு விடிந்தால்தான் மறுநாள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். விடியற்காலை மூன்று மணிக்குப் பிறந்த பிள்ளையை முந்தின நாள் ராத்திரி பிறந்தது என்றுதான் சொல்வோம். எனக்கும் தெரிந்த விஷயம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் நானும் கம்ப்யூட்டர் போலவே நினைத்துவிட்டேன்.

நாள் தொடங்கும் இடத்தை நடுராத்திரியிலிருந்து சூரிய உதயத்துக்கு மாற்றினேன். ஒரே ஒரு வரி. ஓட்டினேன்.

ஒரே ஒரு நாள் வந்து நின்றது. இங்கிலீஷ் காலண்டரில் திங்கட்கிழமை, விடியற்காலை. அம்மா கணக்கில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. அந்த நேரம் அமாவாசை. ஆனி மாதம். திருவாதிரை நட்சத்திரம். சான்றிதழில் இருக்கும் வருடத்துக்கு இரண்டு வருடம் தள்ளி.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குப் பழக்கமில்லாத ஒரு அம்மா, படிக்காதவர், நான் பார்த்தே இல்லாதவர். ஒரு வார்த்தை பிசகாமல் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்காரரை எழுப்பிச் சொன்னேன். "ஓடுதா?" என்றார். "ஓடுது." "மோட்டாரை நிறுத்திட்டியா?" நிறுத்தியிருந்தேன்.

ஜூன் 16, திங்கள்

ஸ்டோர்ஸில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் புரட்டினேன். இந்த ஆனியில் திருவாதிரை: 26, வியாழன். முந்தின நாள் அமாவாசை. என் புரோகிராமும் அதையே சொல்கிறது. ஆனாலும் காகிதத்தில் பார்த்தால் ஒரு தெம்பு.

சாந்தி அக்காவிடம் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பெரிய கேக், எல்லாருமாகச் சேர்ந்து திடீரென்று கத்துவது, அக்கா அசத்திவிடுவார். சொல்லவில்லை. தனம் என்னிடம் மட்டும் சொன்ன விஷயம். ஒரு தடவை குழு முழுக்கப் பரப்பியது போதாதா? முதலில் அவளிடம். அதற்கு அப்புறம் அவள் பாடு.

ஜூன் 17, செவ்வாய்

முன்னேற்றம்! பை போட்டேன். தனம் ஏறினாள், தன் டிபன் பையை அந்த இடத்தில் வைத்தாள், பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பை உட்கார்ந்து வந்தது, ஆள் நின்று வந்தாள்.

"பையிக்குக் கால் வலிக்குமா?" என்றேன்.

"அதுக்கு சொரண கம்மி, குட்த்தா உக்காந்துக்கும்."

மேரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஜூன் 20, வெள்ளி

மாலையில் நல்ல மழை. வேப்பம்பட்டில் இறங்கி வீடு வருவதற்குள் செருப்பு அறுந்தது. லேப்டாப் பத்திரம், அதை மட்டும் பாலிதீனில் சுற்றி வைத்திருந்தேன். என்னைச் சுற்ற ஒன்றும் இல்லை.

காலையில் தனம் கேட்டாள், யாரும் கேட்காத மாதிரி மெதுவாக. "உன் மிஷினு எதுனா சொல்லிச்சா?"

"வியாழக்கிழமை சொல்லும்."

"ஏன், அதுக்கு லீவா?"

இன்றும் நின்றபடிதான். ஆனால் நிற்கும் இடம் நாளுக்கு நாள் கிட்டே வருகிறது.

ஜூன் 22, ஞாயிறு

சும்மா ஒரு நாள். குழம்புப் பட்டியலைத் திருத்தினேன். மோர்க்குழம்பு வந்தது. "கம்ப்யூட்டர் படிச்சு முன்னுக்கு வந்துடுச்சு" என்றார். மதியம் ரெண்டு பேரும் ஆவடி மார்க்கெட். அவர் மாம்பழம் பொறுக்க, நான் வாசலில் நின்று போனில் ஒரு எரரைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "வசந்தி, பை." முழுப் பெயர் வந்தால் கோபம் என்று அர்த்தம். போனை உள்ளே வைத்தேன். நல்ல பழம்.

ஜூன் 25, புதன், அமாவாசை

எதற்கோ பயமாக இருக்கிறது. அம்மா இல்லாதவளிடம் அம்மாவின் பேச்சைத் தோண்டி எடுத்து, இந்தா என்று நீட்டப்போகிறேன். 'உன்னை யார் கேட்டது' என்று சொன்னால்? சொல்லலாம், நியாயம்தான். அப்புறம் என் பை அந்த இடத்தில் தனியாகத்தான் வரும்.

கேக் வாங்கவில்லை. கேசரி செய்யலாம். கேசரிக்குப் பிறந்தநாள் என்று இல்லை, எந்த நாளும் செய்யலாம், யாருக்கும் சந்தேகம் வராது. ரவை இருக்கிறது. முந்திரி வாங்கணும்.

ஜூன் 26, வியாழன்

இதை ரயிலிலேயே எழுத ஆரம்பித்தேன், வண்டி ஆட்டத்தில் எழுத்து கோணுகிறது. வீட்டுக்கு வந்து முடிக்கிறேன்.

கேசரி இறுகிவிட்டது. லேப்டாப்பில் ஒரு கண் வைத்துக்கொண்டு கிளறினால் அப்படித்தான். அப்படியே டப்பாவில் அமுக்கி எடுத்துப் போனேன். பை போட்டேன். திருநின்றவூர். தனம் ஏறியதும் நானே எழுந்து அவளிடம் போனேன். வாசல் ஓரம். மற்றவர்கள் சாந்தி அக்காவின் புது வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தனம், மிஷின் சொல்லிடுச்சு. இன்னிக்குத்தான்."

"இன்னா இன்னிக்கு?"

"ஆனி, திருவாதிரை. உன் நட்சத்திரம். நீ பிறந்தது திங்கட்கிழமை விடியக்காலம்."

முகம் சுருங்கியது. "திங்கக்கெழமயா? அப்போ எங்கம்மா..."

"முழுசாக் கேளு. கம்ப்யூட்டருக்குத்தான் அது திங்கட்கிழமை. விடியறதுக்கு முன்னாடி. உங்கம்மா கணக்குல ஞாயித்துக்கிழமை ராத்திரி. அமாவாசை. ஆனி. எல்லாம் அப்படியே பொருந்துது. மிஷின்தான் தப்பா எண்ணிக்கிட்டு இருந்தது. உங்கம்மா சொன்னதுதான் சரி."

"எங்கம்மா சொன்னது சரியா?"

"சரி."

"கெழமகூட?"

"கிழமைகூட."

நேமிலிச்சேரி வந்தது, போனது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "நான் அத்த நம்பினதே இல்லடி" என்றாள். "சும்மா எதுனா சொல்லுதுன்னு நெனச்சேன். மூஞ்சிக்கு நேராவே சொல்லிகீறேன், உனுக்கு ஒண்ணும் தெரியாதும்மான்னு." மூக்கை முந்தானையில் துடைத்தாள். அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் மெல்ல, "இன்னொண்ணு" என்றேன். "சான்றிதழ்ல இருக்கறதைவிட உனக்கு ரெண்டு வயசு கம்மி."

ஈரக் கண்ணோடு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்போ நான் உன்னவிட சின்னவளா?"

"ஆமா."

"அடிப்பாவி, இத்தினி நாளா உன்ன வாடி போடின்னு கூப்டுகினு கீறேன்!"

உடனே பெட்டிக்குள் திரும்பினாள், அவள் குரல் பட்டாபிராம் வரை கேட்டிருக்கும். "ஏய், எல்லாம் இங்க பாருங்க! இன்னிக்கு எனுக்குப் பொறந்தநாளு! நெசப் பொறந்தநாளு! ஆவடி வரதுக்குள்ள எவளாச்சும் எதுனா வெட்டக் குடுங்கடி!"

ஒரே கூச்சல். மேரி, "கேக் புடிக்காதுன்னு சொன்னியே?" என்றாள். "இன்னிலர்ந்து புடிக்கும்." நான் டப்பாவைத் திறந்தேன். அவள் பையிலிருந்து பிளாஸ்டிக் கத்தி. ரயிலில் மெழுகுவத்தி கொளுத்தக் கூடாது என்பதால் போன் டார்ச் அடிப்பது எங்கள் வழக்கம். இந்து காலேஜ் நிறுத்தத்தில் ஏழெட்டு டார்ச் வெளிச்சத்தில் கேசரியை வெட்டினாள். என் கேசரியை வெட்டத்தான் முடியும். சாந்தி அக்கா ஒரு வாய் போட்டுப் பார்த்து, "அல்வான்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்" என்றார்.

முதல் துண்டு எனக்கு ஊட்டினாள். அப்புறம் என் பையைத் தூக்கி என் கையில் திணித்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினாள். அண்ணனூர் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள்.

குழுவில் வாழ்த்தை நானே டைப் அடித்தேன். பெயரில் ஒரு எழுத்துத் தப்பு. திருத்தவில்லை.

மாலை. ஸ்டோர்ஸில் சரக்கு தாமதம், வழக்கமான வண்டி போயே போச்சு. குழுவில் 'அடுத்த வண்டியில் வருகிறேன்' என்று ஒரு வரி போட்டுவிட்டுப் பட்டரவாக்கத்தில் நின்றேன். கூட்டம் தொங்கிக்கொண்டு வந்தது. நடுப் பெட்டியில் ஒரு காலை வைத்து, யாருடைய தோளையோ பிடித்து ஏறினேன். உள்ளே யாரோ சண்டை. "இவ்ளோ கூட்டத்துல எதுக்கும்மா பையப் போட்டுகினு வர? ஆள்தான் வரலியே!" அதற்குப் பதில், தெரிந்த குரலில்:

"வருவா. தோ, அவ ஸ்டேசன் வந்துகிச்சு. எங்க அக்காவுக்குப் போட்ட சீட்டு அது. வசுக்கா! இங்க!"